தாள் காய்வதற்குள்

கரிசலில் கல் அருமை. பல இடங்களில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு மண், அதற்குக் கீழே சுக்கான், பாறை அதற்கும் அடியில் எங்கேயோ. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் மதிலைச் சுற்றி வந்தால் கால் கடுக்கிற அளவுக்குக் கல்வெட்டு இருக்கும். கோவில்பட்டியைச் சுற்றி, கழுகுமலையைத் தள்ளிவைத்துவிட்டால், ஊருக்கு ஒரு எழுத்துக் கல் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த ஒன்றும் கம்மாய் மடையில் பாதி புதைந்து கிடக்கும். இல்லையென்றால் எண்ணெய் வடிய, சீலை சுற்றி, சாமியாக நிற்கும். எங்கள் வரலாற்றுக் குழுவில் நான் தொழில் படித்தது இந்த இரண்டு வகைக் கல்லிடமும்தான்.

குழு என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் கூடிய நாலைந்து பேர்தான் ஆரம்பம். ஒரு கல்லூரி நூலகர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவர், ஒரு சித்த வைத்தியர், நடுவில் அண்ணாச்சி. அண்ணாச்சி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுக்கு லைன்மேன் எங்கிருந்து வந்தார் என்று நானும் முதலில் யோசித்தேன். கம்பம் நடக் குழி தோண்டுகிறவன் பார்க்கிற மண்ணை எந்தப் பேராசிரியரும் பார்த்திருக்க மாட்டார். சர்வீஸ் முழுக்கக் காடு கரையெல்லாம் குழி போட்டவர் அவர். எந்தப் புஞ்சையில் பானை ஓடு வந்தது, எந்த மேட்டில் தாழியின் விளிம்பு தட்டுப்பட்டது, எந்த ஊர் எல்லையில் சாய்ந்த கல் நிற்கிறது என்பதெல்லாம் கம்ப நம்பரோடு அவர் டைரியில் இருந்தது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு ஓட்டைக் கையில் கொடுத்து, "சூளையில பானையைக் கவுத்துப் போட்டுச் சுட்டா இப்படித்தான் வரும் தம்பி" என்று அவர் சொன்னபோது எனக்கு அது வெறும் ஓடு.

நான் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். தீப்பெட்டி லேபிள்தான் எங்களுக்குப் பிழைப்பு. குழுவின் முதல் நோட்டீஸ் அடிக்க அண்ணாச்சி வந்தார். வந்தவர் வாசகத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், அடுக்கியிருந்த தாளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "இது நனைஞ்சா கிழியுமா? இது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். நோட்டீசை எதற்கு நனைக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதிலாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

படி எடுப்பது என்பது கல்லில் வெட்டிய எழுத்தைத் தாளில் இறக்குவது. போட்டோ எடுத்தால் ஆகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், நல்ல கல்லுக்கு ஆகும். தேய்ந்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைத் தாள் கண்டுபிடிக்கும்; படியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்கலாம்; கல் நாளைக்கே காணாமல் போனாலும் எழுத்து அதே அளவில், அதே கோணலோடு நம்மிடம் இருக்கும். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1880களிலிருந்து இந்த வேலையைத்தான் செய்துவந்தது. அப்படிச் சேர்ந்த தமிழ்ப் படிகள் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொன்னபோது, கல்வெட்டு என்றாலே என்னவென்று தெரியாத எங்கள் அச்சகத்து ஆட்கள்கூட அதைப் பேசினார்கள். பேச்சைத் தொடங்கிவைத்தவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

ரொம்ப நாள் என்னை அவர் மை தொட விடவில்லை. தண்ணீர் தூக்கும் வேலைதான். கரிசலில் அது சின்ன வேலை இல்லை. கோடையில் அடிபம்பு தேடியே அரை மைல் நடக்க வேண்டியிருக்கும். அதற்கடுத்தது கல் கழுவுவது. தேங்காய் நார், தண்ணீர், பொறுமை. கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடாது. பாசி படிந்திருந்தால் நனைத்துவிட்டு ஊறவிட வேண்டும். எழுத்தின் குழிக்குள் இருக்கும் மண்ணை வேப்பங்குச்சியால் நெம்பி எடுப்பார். இரும்பு எதையும் கிட்டத்தில் விட மாட்டார். எழுத்து வெட்டிய உளி ஒன்று போதும், இன்னொரு இரும்பு எதற்கு என்பார்.

கல் ஈரமாக இருக்கும்போதே நனைத்த தாளை மேலிருந்து கீழாக விரிக்க வேண்டும். பிறகு பன்றிமயிர் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். காற்றுக் குமிழ் எல்லாம் ஓரம் வழியாகப் போய்விட்டால் தாள் கல்லோடு ஒட்டி, ஒவ்வொரு எழுத்துக் குழிக்குள்ளும் இறங்கும். மூலையில் கிழிந்தால் ஒரு துண்டுத் தாளை நனைத்து மேலே வைத்துத் தட்டினால் கலந்துவிடும். இதுவரைக்கும் கை பழகினால் வந்துவிடும். அப்புறம்தான் கஷ்டம்: காத்திருப்பது.

தாள் ரொம்ப ஈரமாக இருக்கும்போது மை வைத்தால் கசிந்து எழுத்துக்குள் ஓடிவிடும். ரொம்பக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிச் சுருண்டுகொள்ளும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. ஆப்செட் மெஷினில் தண்ணீருக்கும் மைக்கும் உள்ள பேலன்ஸ்போலத்தான். தண்ணீர் கூடினால் அச்சு வெளுக்கும், குறைந்தால் தட்டு முழுக்க மை ஏறும், நல்ல ஆப்பரேட்டர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இங்கே சத்தம் கிடையாது. அண்ணாச்சி புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு நிமிடக் கணக்குக் கொடுக்கிறார்கள். சித்திரை மாதம் எட்டயபுரம் ரோட்டில் காலை எட்டரை மணிக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. விரித்த தாள் தட்டி முடிப்பதற்குள்ளேயே ஓரத்தில் வெள்ளையாகக் காய ஆரம்பிக்கும். ஆடியில் மேல்காற்று தாளையே பிடுங்கிக்கொண்டு போகும். ஐப்பசியில் மழை விழுந்தால் கரிசல் காலை விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆக, எங்களுக்கு வேலை நாள் என்பது மாசியிலிருந்து, கம்மாய் வற்றி மடை வெளியே தெரியும் பங்குனி, சித்திரை வரைக்கும், அதிலும் விடியற்காலை. புழுதி உழவு முடிந்து முதல் மழை விழுந்த மறுநாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குப் படி எடுக்க முடியாது, ஆனால் உழுத புஞ்சையில் ஓடுகள் கழுவிவிட்ட மாதிரி மேலே கிடக்கும்.

ஓடு கிடக்கிறதே என்று தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அது கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து புதையல் கிடைத்தால் சொல்லியாக வேண்டும் என்று 1878லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். தொல்பொருளை வாங்கவும் விற்கவும் கட்டுப்பாடு வைத்தது 1972 சட்டம். மேலே கிடப்பதைப் பார், அளந்து படம் எடு, இடத்தைக் குறி, வி.ஏ.ஓ.விடமும் தொல்லியல் துறையிடமும் சொல். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022இல் வெம்பக்கோட்டை அகழாய்வு தொடங்கி, சங்கு வளையலும் கண்ணாடி மணியும் குழி குழியாக, அடுக்கு அடுக்காக வெளிவந்ததைப் போய்ப் பார்த்த பிறகு எங்கள் ஆட்களுக்கு அந்தத் துறுதுறுப்பு அடங்கியது. எந்த மணி எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அந்த மணிக்குப் பேச்சு கிடையாது.

மைக்கு வருவோம். விளக்குக் கரியும் கோந்தும். கரியைக் கோந்துத் தண்ணீரில் குழைத்து ஒரு ராத்திரி வைத்திருந்து எடுப்பார். பஞ்சை உருட்டி வெள்ளைத் துணியில் கட்டிய ஒற்றியில் மையைத் தொட்டு, முதலில் பலகையில் தட்டி அதிக மையை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் தாளில் வைக்க வேண்டும். மெதுவாக, ஓரத்திலிருந்து. மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு கால், அப்புறம் ஒரு எழுத்து. கல்லில் பார்த்தபோது இல்லாதது தாளில் எழும்பி வருகிற அந்த நேரத்துக்காகவே இந்த வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி. அண்ணாச்சி அதில் மயங்க மாட்டார். "எழுத்து வந்துட்டா பாதி வேலை. படிக்கணும்லா?"

படிப்பதை நூலகர் சொல்லிக்கொடுத்தார். பழைய கல்லில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் ஒரே கோடுதான். 'கா'வா 'கர'வா என்பதை அக்கம்பக்கத்து எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எகர ஏகாரத்தைப் பிரித்து எழுத வழிசெய்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் சில காலம் இருந்த காமநாயக்கன்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் நூலகர், "இந்த மனுசன் இருநூறு வருசம் முந்திப் பிறந்திருக்கக் கூடாதா, நமக்குத் தலைவலி மிச்சம்" என்பார்.

எண்ணும் தனியாகப் படிக்க வேண்டும். நெல்லைச் சீமையில் பிற்காலத்துக் கல்லில் கொல்லம் ஆண்டு நிறைய வரும். ஆவணியில் தொடங்கும் ஆண்டு அது. ஆங்கில வருசக் கடைசி வரைக்கும் உள்ள மாதமானால் 824ஐயும், தையிலிருந்து 825ஐயும் கூட்டினால் கி.பி. கிடைக்கும். இந்தக் கூட்டலைப் பள்ளிப் பிள்ளைகள் எங்களைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

வட்டெழுத்து இன்னொரு உலகம். அதற்குப் பள்ளிக்கூடம் கழுகுமலைதான். பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் அடியில் அதைச் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்று எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டு வட்டெழுத்து. அங்கே தாளும் மையும் கொண்டுபோக முடியாது. பாதுகாக்கப்பட்ட இடம், துறையின் அனுமதி வேண்டும். தேவையும் இல்லை, தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் வாசகம் அச்சாகியிருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய், பாறையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் படிப்போம். குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் பெயர் வருகிறது. பாண்டிய ராசாவின் மெய்க்கீர்த்தியைவிட, எங்கிருந்தோ வந்து தன் பேரில் ஒரு திருமேனி செய்து வைத்துவிட்டுப் போன ஆட்களின் பட்டியல்தான் எனக்குப் பிடித்தது. பக்கத்திலேயே வெட்டுவான் கோயில், மேலிருந்து குடைந்து இறக்கி, முடிக்காமல் விட்டது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எழுத்துப் பக்கம் ஈ காக்கை இருக்காது.

நான் முதன்முதலாகத் தனியாக மை வைத்த கல் ஒரு கம்மாய் மடைத்தூண். கோவில்பட்டிக்கு வடக்கே ஒரு ஊர். தூணின் அடிப்பகுதி வண்டலில் புதைந்திருந்தது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் இருந்தார்கள். நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கல் கழுவுவதைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர், "புதையலா?" என்றார். இன்னொருவர், "கம்மாயை ஏலம் விடப்போறாகளா?" என்றார். இரண்டும் எல்லா ஊரிலும் வருகிற கேள்வி. வயதான ஒரு அம்மாதான், "என்ன எழுதியிருக்கு தம்பி, எங்க தாத்தா பேரு இருக்கா?" என்று கேட்டார்.

கொல்லம் என்ற சொல் தெளிவாக வந்தது. அடுத்து எட்டு, நூறு. அதற்கு மேல் சிதைவு. எண்ணூற்றுச் சில்லறை என்றால் 1624க்கும் 1724க்கும் நடுவில். பிறகு மடை, உபயம். நடுவில் ஒரு பெயர். அதன் முன்பாதி இருந்தது, பின்பாதி பொரிந்து உதிர்ந்துபோயிருந்தது. கூடியிருந்தவர்களுக்குப் பின்பாதியில்தான் அக்கறை. அது என்ன பட்டம் என்று தெரிந்தால் மடையைக் கட்டியது யார் வகையறா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மறுகால் பக்கத்து அய்யனார் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று வரும் பங்குனி உத்திரத்துக்குப் பேச்சு எழும். ஒருவர் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டுப் போய், "இன்னாருன்னு வர்ற மாதிரிதான இருக்கு?" என்று கேட்டார். அண்ணாச்சி தாளைக் காட்டி, "இதுல எழுத்து இல்லங்க. இல்லாத எழுத்துக்கு நான் புள்ளி வைப்பேன், பேர் வைக்க மாட்டேன்" என்றார்.

இந்தத் தொழிலில் எனக்கு இதைவிடக் கடினமான பாடம் வேறு கிடையாது. மை வைக்க ஆறேழு கல்லில் கை பழகிவிடும். ஊகத்தை வெளியே சொல்லாமல் வாயைக் கட்டுவதற்குத்தான் நாளாகும். தமிழ்நாட்டில் ஊர் வரலாறு என்ற பெயரில் அச்சாகிறதில் பாதி, சாதிப் பெருமைக்குக் கல்லைச் சாட்சிக்கு இழுப்பதுதான். நான் அச்சகக்காரன், என் மெஷினிலேயே ஓட்டியிருக்கிறேன், அதனால் தெரிந்து சொல்கிறேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கிளம்பும் முன் நூலகர் கரையில் ஏறி நின்று, வந்த வரைக்கும் உள்ள வாசகத்தை உரக்கப் படித்தார். அர்த்தம் சொன்னார். மடை கட்டியவருக்குச் சமமாக அதை இன்றுவரைக்கும் தூர்வாரி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு உண்டு என்று சொல்லிவிட்டு இறங்கினார். அது அதற்கு முன் எங்கள் வழக்கம் இல்லை. படி எடுப்போம், சுருட்டிக் குழாயில் போடுவோம், டீ குடிப்போம், வருவோம். அந்த ஊரிலிருந்து அடுத்த வாரமே இரண்டு இளைஞர்கள் டீக்கடைக்கு வந்தார்கள், அவர்கள் காட்டுக்குள் இன்னொரு கல் இருக்கிறது என்று. அப்புறம் எந்த ஊரிலும் படித்துச் சொல்லாமல் கிளம்பியதில்லை. குழு பெருகியது நோட்டீசால் அல்ல, இதனால்தான் என்பது என் எண்ணம். கம்மாயைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒன்றிரண்டு வரி இருந்தால் போதும், இங்கே கூட்டம் கூடும். உருளைகுடிக் கம்மாயை வைத்து சோ. தர்மன் ஒரு நாவலே எழுதி, 2019இல் சாகித்திய அகாதமி வாங்கிய சீமை இல்லையா இது.

சாமியாக நிற்கிற கல்லுக்கு வேறு பக்குவம். சதிக்கல் இங்கே மாலையம்மன், சீலைக்காரி என்று பல பெயரில் நிற்கிறது. உடன்கட்டை ஏறியவள் என்பதற்கு அடையாளம், முழங்கையில் மடங்கி மேலே உயர்ந்த கை, அதில் உடைக்காத வளையல். எண்ணெய் ஏறிய கல்லில் தாள் ஒட்டாது. கழுவலாமா என்று பூசாரியைக் கேட்க வேண்டும். பல ஊர்களில் பூசாரி, "ஆம்பளை தொடக் கூடாது" என்றுவிடுவார். குழுவில் பெண்கள் வேண்டும் என்பது எங்களுக்கு உறைத்தது கொள்கையால் அல்ல, இந்த எண்ணெயால். இரண்டு ஆசிரியைகள் சேர்ந்த பிறகு, ஊர்ப் பெண்களே சீயக்காய் கொண்டுவந்து அம்மனுக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றி, எண்ணெய் எடுத்து, துடைத்து, எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, திரும்ப மஞ்சள் பூசிச் சீலை கட்டிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் சொல்லுகிற கதைகள் கல்லில் இல்லாதவை. எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், மாடு திருப்பப் போன புருசன் எங்கே விழுந்தான், கொழுந்தன் என்ன சொன்னான் என்று ஆளுக்கு ஒரு கண்ணி. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுப்பாள். ஆசிரியைகள் இருவரும் சொல்கிறபடியே, மறுப்பையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். தீயில் ஏறியதைப் பெருமையாகப் பேசும்போது மட்டும் அவர்களில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். அது அவர் உரிமை. பக்கத்தில் இருப்பவர் எழுதிவிடுவார்.

இப்படி எழுதுவதற்கு இந்த மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் என்று 1881இல் கால்டுவெல் எழுதினார். கட்டபொம்மனைப் பற்றிய பகுதிக்கு அவருக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் கும்பினிக்காரர்களின் காகிதங்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டவர்கள் எழுதி வைத்தது அது. தூக்கைப் பார்த்த பக்கத்துச் சனங்கள் வைத்திருந்தது பாட்டு. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தவர் நா. வானமாமலை. 1967இல் அவர் பாளையங்கோட்டையில் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் கூடி, கட்டுரை வாசித்து, ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்களாம். 'ஆராய்ச்சி' இதழ் அதிலிருந்து வந்தது. கட்டபொம்மன் கதைப்பாடலை அவர் பதிப்பித்ததை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதற்கு முன்பே அவருக்குப் பாட்டுச் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர், விளாத்திகுளம் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர் எஸ்.எஸ். போத்தையா. 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற 1964ஆம் ஆண்டுத் தொகுப்பைத் திறந்தால், பாடலுக்குக் கீழே சேகரித்தவர் யார், இடம் எது என்று பெயர் போட்டிருக்கும். நூலகர் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டிய அன்றே எங்கள் குழுவின் அட்டையை நான் அடித்தேன். சொன்னவர், எடுத்தவர், இடம், தேதி, யார் அனுமதி. ஒவ்வொரு படியின் பின்புறமும் பென்சிலில் இதே விவரம். மேல் எது கீழ் எது என்று ஒரு அம்புக்குறி. வட்டெழுத்துப் படியைத் தலைகீழாக வைத்துப் படிக்க முயன்ற பெரிய மனிதர்கள் உண்டு, அதனால்.

எட்டயபுரத்தில் இன்னொரு முன்மாதிரி. தொ.மு.சி. ரகுநாதனின் புத்தகச் சேகரத்தை நூலகமாக வைத்துக் காத்தவர் இளசை மணியன். எட்டயபுரம் ஜமீனின் வரலாறாக 1879இல் வந்த 'வம்சமணி தீபிகை'யை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தப் புத்தகத்தின் நடையைத் திருத்தித் தருகிறேன் என்று பாரதி 1919இல் ஜமீன்தாருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தமிழில் ஒரு ஊர் வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று டீக்கடையில் அடிக்கடி அடித்துக்கொள்வோம். சித்த வைத்தியர், பாரதி ஜமீனைத் திட்டி முடிப்பதற்குள் தாள் தீர்ந்திருக்கும் என்பார்.

இப்போது குழுவுக்கு டீக்கடை போதாது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ராமநாதபுரம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் வே. இராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்ததைக் கேள்விப்பட்டு எங்கள் ஆசிரியைகளும் அதேபோல் தொடங்கினார்கள். புதிதாகப் படித்த கல்லை 'ஆவணம்' இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பது நூலகரின் கனவு. தமிழகத் தொல்லியல் கழகம் நடத்துவது, வருசத்துக்கு ஒன்று வருவது, அதில் பேராசிரியர் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் ஊர்ப்புற ஆசிரியர் கண்டெடுத்த கல்லும் இருக்கும். பணம்தான் எப்போதும் இழுபறி. தாள் வாங்க, பெட்ரோல் போட, படிகளைக் கரையான் படாமல் வைக்க. சந்தா கேட்டால் ஆள் குறையும், கேட்காவிட்டால் மை வாங்க முடியாது. ஒரு பெரிய மனிதர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், தம் முன்னோர் பேரில் ஒரு புத்தகம் போட்டுக் கொடுத்தால். மடைத்தூணின் பின்பாதி எங்களுக்கு ஞாபகம் வந்தது. அண்ணாச்சி அவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கடைசியாக, லேபிள். இது நான் கொண்டுவந்த விஷயம், இதில் அண்ணாச்சிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. கல்லைத் தேடி அலைகிறோமே, கோவில்பட்டியின் நூறு வருசம் தீப்பெட்டியில் இருக்கிறதே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். 1922 வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். அதுவும் தொழில் படிக்கப் போனவர்களின் கதைதான். மறுவருசமே ஸ்வீடன் முதலாளிகள் விம்கோவைத் தொடங்கினார்கள். அதே ஸ்வீடனில் 1978இல் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் என்ற எழுத்தாளர், நீ நிற்கிற இடத்தைத் தோண்டு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளி தன் ஆலையின் வரலாற்றைத் தானே ஆராயலாம், முதலாளி எழுதிய வரலாறு மட்டும் போதாது என்பது சாரம். அதன்பின் அந்த நாட்டில் ஊர் ஊராகத் தொழிலாளர் குழுக்கள் கிளம்பின. இதை நான் கூட்டத்தில் சொன்னதும் அண்ணாச்சி, "தோண்டக் கூடாதுன்னு நம்ம சட்டம் இருக்கே தம்பி" என்றார். சிரித்து முடித்த பிறகு சரி என்றார்கள்.

லேபிள் சேர்ப்பது சுலபம். எங்கள் அச்சகக் கிடங்கிலேயே கிடக்கிறது. ஆட்களைக் கேட்பதுதான் வேலை. தீப்பெட்டி ஆபீசில் சின்ன வயதிலிருந்து கட்டை அடுக்கிய ஒரு அம்மாவை ஆசிரியைகள் கண்டுபிடித்தார்கள். கட்டையின் பள்ளத்தில் குச்சி குச்சியாக வைத்து, மருந்து முக்கப் போகும் வரைக்கும் அது கலையாமல் இறுக்குகிற வேலை. விடியுமுன் ஊருக்குள் வந்த ஆபீஸ் பஸ், தூக்கத்தில் நடந்து ஏறிய பிள்ளைகள், பள்ளிக்கூடத்தை எட்டியும் பார்க்காமல் போன வருசங்கள், இப்போது மெஷின் வந்து கட்டைக்கே வேலையில்லாமல் போனது என்று நிறையச் சொன்னார். எழுதியதை அச்சடித்து, அடுத்த வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடைக்கரையில் படித்தது மாதிரியே உரக்கப் படித்தோம்.

"என் பேரு போட்ருக்கீகளா?"

சொன்னவர் என்ற இடத்தில் இருந்தது. காட்டினோம். தடவிப் பார்த்தார்.

"என்கூட பஸ்ல ஏறுனவளுக பேரு எங்க?"

அட்டையில் அதற்கு இடம் இல்லை. ஆசிரியை இன்னொரு தாள் எடுத்தார். பெயர்கள் வந்தன, சிலருக்குப் பட்டப்பெயர் மட்டும், ஒருத்திக்கு அப்பா செய்த தொழில் மட்டும். தாளை அட்டையோடு சேர்த்துத் தைத்து நம்பர் போட்டிருக்கிறோம். அதில் உள்ளவர்களில் இரண்டு பேரை விளாத்திகுளம் பக்கத்தில் பார்த்துவிட்டோம். இன்னொருவர் மகனோடு திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் இருக்கிறாராம். போன் நம்பர் கிடைத்திருக்கிறது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல்தான் எடுப்பார் என்று சொன்னார்கள்.